அதே இடத்தில் மூன்றாவது முறை

“அரிய நோயை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓ.பி. நகராது” என்று மூத்த மருத்துவர்கள் இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. இருமலும் காய்ச்சலுமாக வரும் குழந்தைக்கு வந்திருப்பது சாதாரண நிமோனியாவாகத்தான் இருக்கும். இழுத்துக்கொண்டே போனால் காசநோயாக இருக்கும். அதற்கு மேல் யோசிப்பது நேரத்துக்கும் பணத்துக்கும் கேடு. இந்தக் கருத்து மருத்துவர்களிடம் மட்டும் இல்லை. “நெஞ்சுச் சளிதான், வருஷா வருஷம் வரும், வளர்ந்தா சரியாயிடும்” என்று வீட்டில் பாட்டி சொல்வதும் இதையேதான். இதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு காலமாக யாரும் இதை எதிர்த்துக் கேட்கவில்லை. மீதிப் பாதி செய்யும் கேட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது, பெரும்பாலான மருத்துவர்கள் பாடநூலில் படித்ததோடு சரி, பிறகு நேரில் பார்க்கவே வாய்க்காத ஒரு பிறவிக் கோளாறை: பல்மொனரி சீக்வெஸ்ட்ரேஷன்.

கரு வளரத் தொடங்கிய நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து நுரையீரல் மொட்டு கிளைக்கிறது. சிலருக்கு அதற்குக் கீழே இன்னொரு மொட்டும் முளைத்துவிடுகிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த இரண்டாவது மொட்டும் நுரையீரல் திசுவாகவே வளர்கிறது. ஆனால் மூச்சுக்குழாயோடு முறையான இணைப்பு அதற்குக் கிடைப்பதில்லை. ரத்தமும் நுரையீரல் தமனியிலிருந்து வருவதில்லை. பெருந்தமனியிலிருந்தே ஒரு கிளை பிரிந்து வந்து அதற்கு ஊட்டுகிறது. நுரையீரல் தமனியில் இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 25 என்றால், பெருந்தமனியில் 120. மூச்சுவிடும் வேலையில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு துண்டுக்கு, உடலின் மிக அழுத்தமான குழாயிலிருந்து நேரடியாக ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் இரண்டு வகை. நுரையீரலின் மடலுக்குள்ளேயே, அதே உறைக்குள் புதைந்து கிடப்பது ஒன்று. நான்கில் மூன்று பேருக்கும் மேல் இந்த வகைதான். தனக்கென்று தனி உறையோடு வெளியே கிடப்பது மற்றொன்று; அது பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே தெரிந்துவிடும், உதரவிதானக் குடலிறக்கம் போன்ற வேறு குறைகளோடு சேர்ந்தும் வரும். இங்கே நான் பேசுவது பெரிதும் முதல் வகையைப் பற்றி. அதுதான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து ஏமாற்றுவது.

ஒளிந்திருப்பது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதன் இருப்பிடம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. 1979இல் சாவிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதுவரை உலகெங்கும் பதிவான 540 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மடலுக்குள் இருக்கும் வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேல் அது நுரையீரலின் கீழ் மடலில்தான் இருந்தது. இடப்பக்கம் அதிகம், அங்கும் பின்புற அடிப்பகுதியே அதன் வழக்கமான இடம். நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்களுக்கு ரத்தக்குழாய் நெஞ்சிலுள்ள பெருந்தமனியிலிருந்து வந்தது; மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றிலுள்ள பெருந்தமனியிலிருந்து மேலேறி உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நிலையான முகவரி உள்ள ஒரு நோயைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது ஆகாது.

ஏன் திரும்பத் திரும்ப நிமோனியா வருகிறது என்பதற்கு வருவோம். முறையான மூச்சுக்குழாய் இல்லாவிட்டாலும், பக்கத்திலிருக்கும் நல்ல நுரையீரலின் நுண்ணறைகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய துளைகள் வழியே காற்று அந்தத் துண்டுக்குள் கசிந்து போகிறது. காற்றோடு கிருமியும் போகிறது. உள்ளே சுரக்கும் சளி வெளியே வர மட்டும் வழியில்லை. நாம் இருமும்போது சளி ஏறிவரும் பாதை மூச்சுக்குழாய்தான். அதுதான் இங்கே இல்லையே. ஆகவே சளி தேங்குகிறது, சீழ் பிடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பக்கத்து நல்ல திசுவில் பரவிய அழற்சி வடிந்துவிடும், காய்ச்சல் இறங்கும், பிள்ளை எழுந்து விளையாடும். “மருந்து கேட்டது” என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். தேங்கும் குட்டை அப்படியே இருக்கிறது. மருந்து கேட்டது என்பதையே நோய் இன்னதுதான் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கருத்தின் முதல் பிழை.

இந்த நோயை உலகம் அறிந்த கதையே இதற்குச் சாட்சி. வெளியே கிடக்கும் வகையை 1861இலேயே ரோக்கிடான்ஸ்கி, ரெக்டார்சிக் என்ற மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். மடலுக்குள் இருக்கும் வகையைத் தெளிவாக வரையறுத்தவர் வேல்ஸில் பிறந்த நோயியலாளர் மெர்லின் பிரைஸ். ஏழு பேரின் நுரையீரல்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1946இல் வந்தது. இதே பிரைஸ்தான் 1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் தம் பழைய மேலதிகாரி அலெக்சாண்டர் ஃபிளெமிங்கைப் பார்க்கப் போனவர். பூசணம் பூத்த அந்தப் பிரபலமான தட்டை ஃபிளெமிங் கையில் எடுத்துக் காட்டியபோது கூட இருந்தவர். பென்சிலினின் முதல் நாளைப் பார்த்த மனிதர், பென்சிலினால் மட்டும் தீராத ஒரு நிமோனியாவின் காரணத்தைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து எழுதினார். மருந்தின் வல்லமையை அவரளவுக்கு நெருங்கிப் பார்த்தவர்கள் சிலரே. அப்படிப்பட்டவரே, மருந்து தோற்கும் இடத்தில் உடற்கூற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கருதினார்.

இனி எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

“அரிது” என்பது முதல் வாதம். அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு அரிது என்று கேட்டுப் பாருங்கள். நுரையீரலின் பிறவிக் குறைகள் எல்லாவற்றிலும் இது 0.15 முதல் 6.4 விழுக்காடு வரை என்று நூல்கள் எழுதுகின்றன. அடிக்கும் உச்சிக்கும் நாற்பது மடங்குக்கு மேல் இடைவெளி. இதை எண்ணிக்கை என்பதைவிட, தேடியவர்களுக்கும் தேடாதவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் என்று படிப்பதே சரி. சீனாவில் பத்தாண்டுக் காலத்தில் வெளியான மருத்துவக் கட்டுரைகளிலிருந்து 2,625 பேரைத் திரட்டி வெய், லீ என்ற இருவர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதலில் வேறு நோயின் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது: நுரையீரல் நீர்க்கட்டி, புற்றுநோய், மூச்சுக்குழாய் விரிவு. இவர்களெல்லாம் கடைசியில் சரியான பெயர் கிடைத்தவர்கள். தவறான பெயரோடே வாழ்ந்து முடித்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். யாரும் பார்க்காததால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி, எண்ணிக்கை குறைவு, ஆகவே பார்க்க வேண்டாம் என்று சொல்வது சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

“நம் ஊரில் காசநோய்தான் முதலில்” என்பது இரண்டாவது வாதம். இது கனமானது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நோயாளியைச் சானடோரியத்தில் கிடத்தாமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. காசநோயைச் சிறிதாக்கிப் பேச எனக்கு எந்த விருப்பமும் இல்லை. அந்த நோயை மதிப்பதால்தான் கேட்கிறேன்: சளியில் கிருமி தெரியாமல், மரபணுச் சோதனையிலும் எதுவும் வராமல், “இருக்கலாம், மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம்” என்று ஆறு மாத மருந்தைத் தொடங்கும் பழக்கத்தை எப்படி நியாயப்படுத்துவது? அந்த மாத்திரைகள் கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை. நுரையீரல் காசநோய் பெரியவர்களிடம் பெரும்பாலும் மேல் மடலைத்தான் பிடிக்கும். இங்கே நிழல் விழுவது கீழ் மடலின் பின்புறத்தில். இருமலில் ரத்தம் வந்தது, ஆகவே டி.பி. என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சீக்வெஸ்ட்ரேஷனிலும் ரத்தம் வரும்; பெருந்தமனியின் அழுத்தத்தோடு வரும் ரத்தம் அது, சில வேளை உயிரையே குடிக்கும் அளவுக்கு. ஆறு மாதம் முடிந்து, படத்தில் நிழல் அப்படியே இருந்தால், “மருந்து கேட்காத டி.பி.” என்று இன்னும் கடுமையான மருந்துக்குப் போகும் ஆபத்தும் உண்டு. ஒரு நோய் ஊரெங்கும் இருக்கிறது என்பது, சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்க்கக் காரணம் ஆகும். சோதனையே ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் அந்தப் பெயரையே பிடித்துத் தொங்க அது காரணம் ஆகாது.

“பிறவிக் கோளாறென்றால் பிறந்தபோதே தெரிந்திருக்குமே” என்பது மூன்றாவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மடலுக்குள் இருக்கும் வகையில் ஏறத்தாழ பாதிப்பேர் இருபது வயதைத் தாண்டிய பிறகே கண்டறியப்படுகிறார்கள். பிறக்கும்போது அது வெறும் திசு. தொல்லை தரவேண்டுமானால் முதலில் கிருமி நுழைய வேண்டும். நாற்பது வயதில் வேறெதற்கோ எடுத்த படத்தில் தட்டுப்பட்டு, புற்றுநோய்க் கட்டி என்று வீட்டையே கதிகலங்க வைத்த பிறகு உண்மை தெரிந்தவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் “எல்லாம் நார்மல்” என்று எழுதியிருப்பதும் உறுதிச்சான்று ஆகாது. திறமையானவர், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் பெருந்தமனியிலிருந்து கிளம்பும் அந்தக் குழாயையே கருவில் காட்டிவிடுவார். எல்லா ஸ்கேனிலும் எல்லாமும் தெரிந்துவிடுவதில்லை. கருவிலேயே தெரிந்துவிட்ட குழந்தையின் தாயிடம் “கிரகணத்தில் வெளியே போனாயா, எதைத் தின்றாய்” என்று விசாரணை நடத்துகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை. பொதுவாகப் பரம்பரையாகவும் வருவதில்லை.

இங்கே ஓர் அறிவியல் சர்ச்சையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மடலுக்குள் இருக்கும் வகையில் பலவும் பிறவியில் வந்தவையே அல்ல என்று 1984இல் ஸ்டாக்கர், மல்சாக் என்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நுரையீரலின் அடியிலுள்ள பந்தத்தில் எல்லோருக்குமே இருக்கும் நுண்ணிய தமனிகள், ஒரே இடத்தில் அடிக்கடி வரும் தொற்றினால் பருத்துப்போகின்றன என்பது அவர்கள் கருத்து. கருவிலும் பிறந்த குழந்தையிலும் இந்தக் கோளாறு காணப்படுவதால் அது முழு விளக்கமாக முடியாது. ஆனால் அவர்கள் சொன்னது சிலருக்கேனும் பொருந்தும் என்றால், அலட்சியத்துக்கு எதிரான வாதம் இரண்டு மடங்காகிறது. அப்போது ஒரே இடத்தில் வரும் தொற்றைக் கேள்வி கேட்காமல் விடுவது நோயைத் தவறவிடுவதோடு நிற்காது. அதை உருவாக்குவதாகவும் ஆகிவிடும்.

நான்காவது வாதம் செலவும் கதிர்வீச்சும். “இருமும் பிள்ளைக்கெல்லாம் சி.டி. எடுக்கச் சொல்கிறீர்களா?” இல்லை. ஒரு நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சு பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். குழந்தைக்கு அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. முதல் நிமோனியாவுக்கு எதுவும் வேண்டாம். நான் கேட்பது அதைவிட மலிவானது. இரண்டாவது முறை வந்தால் பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழல் வேறு வேறு இடத்தில் இருந்தால், எதிர்ப்புச் சக்தியிலோ வேறெங்கோ காரணத்தைத் தேடலாம். அதே இடம் என்றால், குணமான நான்கைந்து வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். நிழல் முழுதாகப் போய்விட்டதா, அடியில் ஏதேனும் தங்கியிருக்கிறதா? தங்கியிருந்தாலோ, மூன்றாவது முறையும் அங்கேயே வந்தாலோ, அப்போது மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். அந்தக் குழாயை அது தெளிவாகக் காட்டிவிடும். கைக்குழந்தைகளில் டாப்ளர் ஸ்கேனே பல நேரம் காட்டிவிடும். மருந்து செலுத்தாத சாதாரண சி.டி.யில் துண்டு தெரியும், குழாய் தப்பிவிடக்கூடும். ஆண்டுக்கு மூன்று முறை மருத்துவமனையில் படுத்து, ஊசி போட்டு, கூலி இழந்து, பள்ளி இழந்து ஒரு குடும்பம் செலவழிப்பதை யாராவது அந்த ஒரு சி.டி.யின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு இன்னொரு பலனும் உண்டு. எதிர்த்தரப்பினர் இதைக் கவனிப்பதே இல்லை. “ஏன் அதே இடம்?” என்று கேட்டால் வெளிவருவது சீக்வெஸ்ட்ரேஷன் மட்டும் அல்ல. மூச்சுக்குழாயில் சிக்கிக் கிடக்கும் நிலக்கடலை வெளிவரும். எப்போதோ புரையேறியதை எல்லோரும் மறந்திருப்பார்கள். காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணு வெளியிலிருந்து குழாயை அழுத்துவது தெரியவரும். வேறு பிறவி நீர்க்கட்டிகள், பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய்க்குள் வளரும் கட்டி. இவற்றில் பல அரிய நோய்களே அல்ல. கடலை சிக்குவது நம் ஊரில் தினம் நடப்பது. ஓர் அரிய நோயைத் தேடச் சொல்வது சாதாரண நோய்களைக் கைவிடச் சொல்வது என்று யாரோ ஒரு பொய்யான எதிர்நிலையை ஏற்படுத்திவிட்டார்கள். உண்மையில் அரிய நோயைப் பிடிக்கும் அதே வலையில்தான் கவனிக்காமல் விட்ட சாதாரண நோய்களும் விழுகின்றன.

பெயர் தெரியாமல் கத்தி வைப்பதன் விலையை இன்னும் சொல்லவில்லை. 1940இல் ஹாரிஸ், லூயிஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நுரையீரல் மடலை அகற்றும் அறுவையில், இருப்பதே தெரியாத ஒரு தமனி அறுபட்டு, ஒரு குழந்தை ரத்தம் இழந்து இறந்துபோனதைப் பற்றியது அது. இந்தத் தமனியின் இயல்பு பொல்லாதது. பெருந்தமனியிலிருந்து வந்தாலும் அதன் சுவர் நுரையீரல் தமனியைப் போல நெகிழ்வாக இருக்கும். காலப்போக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நைந்து, கொழுப்புப் படிந்து உளுத்தும் போகும். அறுபட்டால் உதரவிதானத்துக்குக் கீழே சுருங்கி ஓடி ஒளிந்துகொள்ளும். நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் அறுவை மருத்துவரின் கைக்கு அகப்படாது. முன்கூட்டியே அது எங்கிருந்து வருகிறது, எத்தனை கிளை என்று தெரிந்திருந்தால், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு மடலைத் தொடுவார். இன்று இதைச் சிறு துளைகள் வழியாகவே செய்து, நோயாளியைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரே அறுவை, தெரிந்து செய்தால் சாதாரணம், தெரியாமல் செய்தால் பேராபத்து. கட்டி என்று நினைத்து வெளியிலிருந்து ஊசி செலுத்திச் சதை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். “பெயர் எதுவானால் என்ன, எப்படியும் அறுக்கத்தானே போகிறோம்” என்பவர்கள் இந்த 1940ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பதில் சொல்லட்டும்.

எதிர்த்திசையில் போய், கண்டுபிடித்ததையெல்லாம் உடனே அறுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எந்தத் தொல்லையும் தராமல் தற்செயலாகத் தெரிந்ததை என்ன செய்வது என்பதில் மருத்துவ உலகம் இன்றும் ஒருமனதாக இல்லை. கருவில் பெரிதாகத் தெரிந்த சில கடைசி மூன்று மாதங்களில் சுருங்கிவிடுகின்றன. சிலர் குழாயை மட்டும் உள்ளிருந்து அடைத்துவிடும் முறையை விரும்புகிறார்கள். தொற்று வந்து ஒட்டிப்போவதற்கு முன் எடுத்துவிடுவதே எளிது என்போரும் உண்டு. கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்போரும் உண்டு. அது தெரிந்த பிறகு நடக்க வேண்டிய பேச்சு. என் வழக்கு அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. மீண்டும் மீண்டும் தொற்று வருபவருக்கோ, ரத்தம் கக்குபவருக்கோ அறுவைதான் வழி என்பதில் அவ்வளவு சர்ச்சை இல்லை. அதன் பிறகு அவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள். ஒரே அறுவையில் தீர்க்கக்கூடிய ஒன்றுக்குப் பத்தாண்டு காய்ச்சலையும் ஆறு மாதத் தவறான மாத்திரையையும் விலையாகக் கேட்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கடைசி வாதம் ஒன்றிருக்கிறது. அதை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. நடைமுறையில் அதுதான் எல்லாவற்றையும் வெல்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர், வேறு மருத்துவமனை. முதல் எக்ஸ்ரே ஓர் ஊரில், இரண்டாவது இன்னோர் ஊரில். நோயாளி கையோடு கொண்டுவரும் கட்டைப்பையில் எல்லாப் படங்களும் இருக்கும். “பழசெல்லாம் எதுக்கும்மா, புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு நிமோனியாவும் முதல் நிமோனியாவாகவே மருத்துவம் பெறுகிறது. மூன்று முறை வந்ததென்பதே யாருக்கும் தெரியாதபோது, அரிய நோயா சாதாரண நோயா என்ற விவாதமே எழுவதில்லை. மருத்துவர்களின் நேர நெருக்கடி எனக்குத் தெரியும், தெரிந்தே கேட்கிறேன். இரண்டு படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் “நிமோனியா” என்று எழுதாமல் “இடது கீழ் மடல் நிமோனியா, முன்பும் இதே இடம்” என்று எழுத ஆறேழு சொல் போதும். அந்தச் சொற்கள் இருந்தால் அடுத்த மருத்துவர் கேட்டாக வேண்டும். வீட்டார் அந்தப் படங்களைத் தேதி எழுதிப் பத்திரமாக வைத்திருக்கட்டும், “டாக்டர், போன தடவையும் இதே பக்கம்தானா?” என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரேனும் முகம் சுளித்தால், வேறொரு மருத்துவரிடம் அதே படங்களோடு போய் அதே கேள்வியைக் கேட்கலாம்.